ஆறு நிமிஷ மடி

செம்பியின் காம்பிலிருந்து அன்று விடிகாலையில் வந்ததைப் பால் என்று எந்தப் பாவியும் சொல்ல மாட்டான். மஞ்சள் மஞ்சளாகக் கட்டி, நடுவில் நூல் நூலாக ரத்தம். மரகதம் முதலில் நம்பவில்லை. கன்று போட்டு ஆறாம் நாள்தானே, சீம்பால் இன்னும் முழுக்கத் தெளியவில்லை போலிருக்கிறது என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, உள்ளங்கையில் இன்னொரு தரம் பீய்ச்சி டியூப்லைட்டுக்குக் கீழே நீட்டிப் பார்த்தாள். சீம்பாலாவது மண்ணாங்கட்டியாவது! இருபது வருஷமாக மாடு கறக்கிறவளுக்கு இது தெரியாதா? மடியைத் தொட்டாள். சுட்டது. செம்பி விட்ட உதையில் பக்கெட் உருண்டு சாணிக்குழி வரைக்கும் போனது.

“அய்யய்யோ! போச்சே! இதுவும் போச்சே!”

அவள் போட்ட சத்தத்தில் புருஷன் சுபாஷ் லுங்கியை இழுத்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தான். மாட்டு வால் மேலே பட்டால் மூன்று நாள் தும்முகிற மனுஷன் அவன். கொட்டாய்க்குள் கால் வைத்தே மாசக்கணக்காகியிருக்கும்.

“இன்னாடி? பாம்பா?”

“பாம்பு வந்திருந்தாக்கூட அடிச்சிப் போட்டிருப்பேனே! மடி நோவுய்யா. செம்பிக்கு மடி நோவு வந்துருச்சு.”

சுபாஷுக்கு மாடு தெரியாதே தவிர மடிநோய் தெரியும். இரண்டு வருஷத்துக்குள் அந்தக் கொட்டாயில் இரண்டு மாடு போயிருந்தது. பதினெட்டு லிட்டர் கறந்த புள்ளி, மடி வீங்கிக் கெட்டு, அடிமாடாகத்தான் போனது. கருப்பிக்கு ஒரே ஒரு காம்பு மிச்சம் இருந்தது, அந்த மாட்டையும் ஒரு வேன்காரன் வந்து ஓட்டிக்கொண்டு போனான். புள்ளி போட்ட கடைசிக் கிடேரிதான் இந்தச் செம்பி. இதன் மடி தப்பினால் அந்த வீட்டில் மாடு உண்டு, இல்லாவிட்டால் கயிற்றைச் சுருட்டிப் பரணில் போட வேண்டியதுதான். மரகதம் இதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லியே வைத்திருந்தாள்.

நோய் வந்ததுகூட அவளுக்கு அப்புறம்தான். அது வந்த வழிதான் புரியவில்லை. “என் கைய தவிர ஒரு கை படலியேய்யா! ஒரு ஈ காக்காவ கிட்ட வுடலியே! எப்டிய்யா வந்துச்சு?” என்று அதையே திருப்பித் திருப்பிக் கேட்டாள். சுபாஷ் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றான்.

எந்தக் கை படவில்லை என்கிறாள் என்று சுபாஷுக்குத் தெரியும். தெருவுக்கே தெரியும். இசக்கிபாண்டியின் கை.

இசக்கிபாண்டிக்குச் சங்கரன்கோவில் பக்கம். முப்பது வயசு, ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் நிரந்தர இரண்டாம் ஷிப்ட். சரோஜா வீட்டு மாடியில் ரூம் எடுத்து இரண்டரை வருஷம் இருந்தான். மத்தியானம் வரைக்கும் சும்மா கிடப்பானேன் என்று தெருவில் ஆறு வீட்டுக்குக் காலையில் மாடு கறந்து கொடுத்தான். கறவை என்றால் அப்படி ஒரு கறவை. மாடு பாட்டுக்கு அசை போட்டுக்கொண்டு நிற்கும், கறந்து முடித்தது அதற்கே தெரியாது. மரகதம் வீட்டிலேயே மாதத்தில் பாதி நாள் அவன்தான் கறந்தான். ஆனால் அவன் வந்த வருஷம்தான் தெருவில் மடிநோய் தலை காட்டியது. ஒரு வீடு, இரண்டு வீடு, அப்புறம் வரிசையாக. மரகதம் யோசித்தாள். இவன் கை வைத்த மாடெல்லாம் கெட்டுப்போகிறது என்று கண்டுபிடித்தாள். கண்டுபிடித்ததோடு நிற்கிற ஆளா அவள்?

ஒரு மாசத்துக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை காலை, பால் பூத்தில் தெருவே கேனும் கையுமாக நிற்கும்போது, அவனை எல்லார் எதிரிலும் நிறுத்திவைத்துக் கேட்டாள்.

“தா பாரு, உன் கையில இன்னாவோ கீது. விஷக் கை. நீ தொட்ட மடி ஒண்ணாவது உருப்பட்டுச்சா? என் செம்பி இன்னும் மூணு வாரத்துல கண்ணு போடும். நீ இந்தத் தெருவுல இருக்கற வரிக்கும் எனக்குத் தூக்கம் வராது. சொல்லிட்டேன்.”

அவன் கை இரண்டையும் முன்னும் பின்னும் திருப்பி ஒரு தரம் பார்த்துக்கொண்டான். நகம் ஒட்ட வெட்டிய கை. “சரிக்கா” என்றான். யாராவது ஒருத்தர், ஏம்மா அபாண்டமாகப் பேசுகிறாய் என்று கேட்டிருக்கலாம். கேட்டால்தானே! எல்லாரும் கேனுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அவன் ரூமைக் காலி செய்துகொண்டு தண்டலம் பக்கம் ஏதோ ஹாஸ்டலுக்குப் போய்விட்டான். அன்று மரகதம் கொட்டாய் முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளித்தாள்.

அவன் போயாயிற்று. செம்பி கன்று போட்டதிலிருந்து அவள் ஒருத்திதான் கறக்கிறாள், அதுவும் சோப்புப் போட்டுக் கழுவிய கையோடு. பிறகு எங்கிருந்து வந்தது இந்த எழவு? ஐந்து இருபதுக்குக் கூட்ரோட்டில் அவளை வேலைக்கு ஏற்றிப் போகிற கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது கேட்டது. ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அந்த பஸ் அவளை விட்டுவிட்டுப் போனது.

மாட்டு டாக்டர் ரஞ்சனி எட்டரை மணிக்கு ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். சின்ன வயசு, குரல் மட்டும் கண்டிப்பு. பையிலிருந்து நாலு குழி வைத்த வெள்ளைத் தட்டு ஒன்றை எடுத்தார். குழிக்கு ஒரு காம்பு என்று நாலு காம்பிலும் பாலைப் பீய்ச்சி, மேலே ஊதா நிற மருந்தை விட்டு, தட்டைச் சுழற்றினார். நல்ல பாலாக இருந்தால் தண்ணீராகவே ஓடும், கெட்டிருந்தால் மூக்குச்சளி மாதிரி திரளும் என்றார். செம்பியின் பால் மூன்று குழியில் திரண்டு நின்றது.

“மூணு காம்பா!” மரகதம் தட்டைப் பிடுங்காத குறையாக எட்டிப் பார்த்தாள். “காலைல ஒண்ணுதானே டாக்டரம்மா கெட்டிருந்துச்சு!”

“கண்ணுக்குத் தெரிஞ்சது ஒண்ணு. ரெண்டு காம்பு ரொம்ப மோசம்மா. மூணாவது இப்பதான் ஆரம்பிக்குது, அதைக் காப்பாத்திடலாம். ஊசி போடறேன், காம்புக்குள்ள மருந்து ஏத்தறேன். அந்த ரெண்டும்...” டாக்டரம்மா அதோடு நிறுத்திக்கொண்டார்.

அப்போது கட்டுத்தறியில் கன்று கத்தியது. கத்தியதுதான் தாமதம், செம்பியின் நல்ல காம்பிலிருந்து பால் தானாகச் சொட்ட ஆரம்பித்தது. டாக்டரம்மா குனிந்து அதையே பார்த்தார்.

“எப்பவும் இப்படித்தான் சொட்டுமா?”

அந்த நேரத்திலும் மரகதத்துக்குப் பெருமை எட்டிப் பார்த்தது. என்ன செய்ய, அவள் குணம் அது. “இதோட அம்மாவும் இப்டித்தான் டாக்டரம்மா. கை வச்சாப் போதும், கொட்டும். ஆறே நிமிசம், மடி காலி.”

டாக்டரம்மாவின் முகம் மாறியது. “இந்தத் தெருவுல வேற எத்தனை வீட்டு மாடு இப்படி?”

“எல்லாமேதான். எங்க தெரு மாடுங்க மாதிரி கறக்க லேசான மாடு இந்த சுத்துவட்டாரத்துலயே கெடயாது.”

“அப்படியா? முதல்ல இதுக்கு மருந்து போட்டுடறேன். அப்புறம் எல்லா மாட்டையும் பாக்கணும், வாங்க.”

பதினோரு மாட்டு வீடுள்ள தெரு அது. ஷிப்டுக்குப் போனவர்கள் போக மிச்சம் இருந்தவர்களெல்லாம் என்னவோ ஏதோவென்று கூடவே வந்தார்கள். முதலில் சரோஜா வீடு. அவள் மாடு விடிந்ததிலிருந்து சினைப் பருவத்தில் கத்திக்கொண்டிருந்தது, அதற்குச் சினை ஊசி போட வேண்டும் என்று அன்று லீவு போட்டிருந்தாள். பார்க்க வாட்டசாட்டமான மாடு, மடியில் ஒரு வீக்கம் கிடையாது. “எம் மாட்டுக்கு ஒண்ணும் இல்ல டாக்டரம்மா, போன மாசம்தான் சுத்திப் போட்டேன்” என்று சொல்லிக்கொண்டே பீய்ச்சிக் கொடுத்தாள். தட்டைச் சுழற்றினார்கள். திரண்டது. சரோஜா வாயைப் பிளந்தபடி நின்றாள்.

அடுத்த வீடு, திரண்டது. அதற்கடுத்த வீடு, திரண்டது. நோயே இல்லை என்று சத்தியம் செய்த வீட்டுப் பாலும் திரண்டது. ஒவ்வொரு வாசலிலும் ஒரு “அய்யோ” கேட்டது. பத்து வீட்டில் எட்டு வீட்டுப் பால் கெட்டியாக நின்றது, மற்ற இரண்டு லேசாகக் கொழகொழத்தது.

கடைசியாகப் புருஷோத்தமன் வீடு. “இத எதுக்கு டாக்டரம்மா பாக்கறீங்க? இது கல்லு மடி” என்றாள் சரோஜா. காம்பு அவ்வளவு இறுக்கம், தெருவில் அந்த மாட்டுக்கு அதுதான் பேர். பதினோரு லிட்டர்தான் கறக்கும், அதற்கே அரை மணி நேரம் மல்லுக்கட்ட வேண்டும். டாக்டரம்மா கட்டை விரலை அழுத்தி அழுத்திப் பீய்ச்சினார். ஊதா மருந்தை விட்டுச் சுழற்றினார். நாலு குழியிலும் தண்ணீராக ஓடியது.

“இதை யார் கறக்கறது?”

“இப்ப நானு. குஸ்தி புடிச்சிக்கினு கீறேன்.” புருஷோத்தமன் வீங்கின கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான். “போன மாசம் வரிக்கும் இசக்கிதான். ரெண்டு வருசமா காலைல அவன்தான்.”

மரகதம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். “ரெண்டு வருசமாவா?”

“ஆமாக்கா.”

“ஒரு தபாகூட நோவு வர்லியா?”

“ஒரு தபாகூட வர்ல.”

“அத அன்னிக்கு பூத்துல சொல்றதுக்கு இன்னாய்யா? வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த?”

“நீ யாரையாவது பேச வுட்டியாக்கா?” என்றான் புருஷோத்தமன். சொல்லிவிட்டு அவனே தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கும் உறுத்தத்தான் செய்தது.

டாக்டரம்மா தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னார். “கிருமி கையிலயும் வரும், சாணியிலயும் வரும், அதை இல்லேன்னு சொல்லல. ஆனா ஒரே கை தொட்டு ஒரு மாடு இத்தனை சுத்தமா இருக்குன்னா விஷயம் வேற எங்கயோ இருக்கு. இந்த மாடுங்களுக்கெல்லாம் எந்தக் காளையோட ஊசி போட்டீங்க?”

இதைத் தெரிந்துகொள்ள அந்தத் தெருவில் யாரையும் கேட்க வேண்டியதில்லை. சினை ஊசி வருகிற குழாய், ஜூஸ் கடையில் கொடுக்கிற ஸ்ட்ராவைவிட மெல்லிசாக இருக்கும். அதன் மேல் பொடி எழுத்தில் காளையின் நம்பர் அச்சடித்திருக்கும். ஊசி போட்டு முடித்ததும் காலிக் குழாயைக் கொட்டாய்க் கூரையில் செருகி வைப்பது அந்தத் தெருவின் வழக்கம். பழக்கிவிட்டதே மரகதம்தான். ஊசிக்காரர் நம்பரை மாற்றி ஏமாற்றிவிடக் கூடாதாம்!

ஆளுக்கொரு பக்கம் ஓடிக் கூரையைத் துழாவினார்கள். தூசும் ஒட்டடையுமாகக் குழாய்கள் வந்தன. டாக்டரம்மா தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் அவற்றை வரிசையாக வைத்துப் படித்தார். நானூற்றுப் பதினேழு. நானூற்றுப் பதினேழு. நானூற்றுப் பதினேழு. மரகதம் வீட்டுக் கூரையிலிருந்து வந்த ஏழு குழாயும் அதே. புருஷோத்தமன் வீட்டுக் குழாயில் மட்டும் இருநூற்று எண்பத்தெட்டு.

“அன்னிக்கு ஸ்டாக் தீந்து போச்சுன்னு இத போட்டுட்டுப் போனாரு. கல்லு மடி பொறந்துருச்சுன்னு அவரோட சண்டகூட போட்டேன்” என்றான் புருஷோத்தமன்.

சரியாக அந்த நேரத்தில் ஊசிக்காரர் பலராமனின் பைக் தெருவுக்குள் நுழைந்தது. பின்னால் கட்டிய நைட்ரஜன் கேனில் புகை கசிந்துகொண்டிருந்தது. சரோஜா மாட்டுக்காக வந்த மனுஷன், கூட்டத்தைப் பார்த்ததும் பிரேக் போட்டார்.

“பலராமண்ணே, தெரு முழுக்க ஒரே காளையா?” என்று கேட்டார் டாக்டரம்மா. “ஒரு ஊர்ல ஒரு காளையை ரெண்டு மூணு வருஷத்துக்கு மேல ஓட்டக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?”

பலராமனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மரகதத்தைக் கை காட்டினார். “நான் இன்னா பண்றது டாக்டரம்மா? வேற எத எடுத்தாந்தாலும் இந்தம்மா வுட மாட்டாங்க. நம்பரப் படிச்சிப் பாத்துட்டுதான் மாட்டப் புடிப்பாங்க. ‘கல்லு மடி எங்க தெருவுக்கு வாணாம், அஞ்சு இருவதுக்கு எங்களுக்கு பஸ்ஸு’ன்னு சொன்னது யாரு? கேளுங்க அவங்கள! அதான் மொத்தமா வாங்கி வச்சிக்கினேன். காளையே செத்து நாலு வருசம் ஆவுது.”

“இன்னாது?” மரகதம் அவரைப் பார்த்தாள்.

“செத்துப் பூட்ச்சும்மா. ஊசி மட்டும் கேன்ல கீது.”

கூட்டத்தில் யாரோ சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பு வராமல் நிறுத்திக்கொண்டார்கள். நாலு வருஷமாகச் செத்த காளை தெருவில் கன்று போட வைத்துக்கொண்டிருந்திருக்கிறது!

“புள்ளிக்கு அப்பா யாரு?” டாக்டரம்மா மரகதத்திடம் கேட்டார்.

“அதே காளைதான்.”

“செம்பிக்கு?”

“அதே.” சொல்லும்போதே அவளுக்கு உறைத்தது. புள்ளிக்கும் அது அப்பன், புள்ளியின் மகளுக்கும் அது அப்பன். இப்போது செம்பி போட்டிருக்கிற கன்றுக்கும் அதே. “சீ! சீச்சீ!” என்று புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். எத்தனை தடவை அந்த நம்பரை வாய் நிறையக் கேட்டு வாங்கியிருக்கிறாள்! ஒரு தடவையாவது இது தோன்றியிருக்கக் கூடாதா?

டாக்டரம்மா அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. நிதானமாகச் சொன்னார்.

“காம்பு நுனியில சுருக்குப் பை மாதிரி ஒரு சதை இருக்கும்மா. கறந்து முடிச்சதும் அது இறுக்கி மூடிக்கணும். இந்தக் காளையோட பொண்ணுங்களுக்கு அது லூசா இருக்கு. அதனாலதான் கறக்க லேசு. அதனாலதான் தானா சொட்டுது. அதே வழியாத்தான் கிருமியும் உள்ள போகுது. நிறைய பால் தர்ற குணம் அப்பன் ரத்தத்துல வந்த மாதிரி, நோயைத் தாங்க முடியாத குணமும் கூடவே வந்திருக்கு. எல்லாமே ரத்தம்தான்னு நான் சொல்ல மாட்டேன், கொட்டாய் சுத்தமும் பாதி. ஆனா தெரு முழுக்க ஒரே அப்பன்னா, தெரு முழுக்க ஒரே குறைதானே இருக்கும்?”

“அப்ப அந்த இசக்கி வந்தப்புறம்தானே நோவு...” மரகதம் பாதியில் நிறுத்தினாள்.

“இந்த வீடுங்கள்ல அந்தக் காளையோட பொண்ணுங்க எல்லாம் எப்ப கறவைக்கு வந்துச்சு?”

பலராமன்தான் பதில் சொன்னார். “ரெண்டு ரெண்டரை வருசம் இருக்கும். புள்ளியப் பாத்துட்டு எல்லாரும் ஒரே சமயத்துல கேட்டாங்க. ஒரே சமயத்துல கண்ணு போட்டுச்சுங்க.”

இசக்கி தெருவுக்கு வந்ததும் அதே சமயம்தான், இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. புள்ளி முதல் ஈத்தில் பதினெட்டு லிட்டர் கறந்தபோது தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. ஆறு நிமிஷத்தில் கறந்து முடித்து, பூத்தில் ஊற்றி, குளித்து, சோறு கட்டிக்கொண்டு பஸ் ஏறிய மரகதத்தை எல்லாரும் பொறாமையோடு பார்த்தார்கள். அன்றிலிருந்து அவள்தான் தெருவுக்கு மாட்டு ஜட்ஜ். எந்தக் கிடேரியை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்று அவள்தான் தீர்ப்புச் சொன்னாள். காம்பைப் பிடித்துப் பார்த்து, கொஞ்சம் இறுக்கமாக இருந்தால் போதும், “இது ஆவாது, ஓட்டிடு” என்பாள். நோயைத் தாங்கியிருக்கக்கூடிய கிடேரியை எல்லாம் ஒன்று விடாமல் ஓட்ட வைத்தவள் அவள். தொட்டி விளிம்பில் கிடந்த குழாய்களை ஒரு தரம் பார்த்தாள்.

“நான்தான்” என்றாள். “நானேதான் நோவைத் தேடித் தேடி வாங்கி இந்தத் தெருவுக்குப் போட்டிருக்கேன். பழிய தூக்கி அவன் மேல போட்டேனே! நான் நல்லா இருப்பேனா?”

சரோஜா மாடுதான் மறுபடியும் பெருங்குரலெடுத்துக் கத்தியது.

“அதுக்கு ஊசி போடணுமே” என்றார் பலராமன். “டாக்டரம்மா, இருநூத்தி எண்பத்தெட்டு ரெண்டு கீது. அத போட்டுடட்டா?”

“அதையே போடுங்க.”

“வாணாம்” என்றாள் சரோஜா. “எனக்கு பழைய நம்பரே போடு.”

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மரகதத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அடியே, உனக்கு மூள கீள கீதா இல்லையா? இவ்ளோ நேரம் இன்னாத்தடி கேட்டுக்கினு இருந்த?”

“எல்லாம் கேட்டுக்கினுதான் இருந்தேன்.” சரோஜாவுக்கும் கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் இறங்கவில்லை. “கல்லு மடி பொறந்தா யாரு கறப்பா? நீ வந்து கறப்பியா? அஞ்சு இருவதுக்கு எனக்கு பஸ்ஸு. என் மருமவளுக்கும் அதே பஸ்ஸு. புருசோத்தமன் வெரல பாத்தல்ல? அரை மணி நேரம் பொறுமையா உக்காந்து கறக்கறதுக்கு இந்தத் தெருவுல ஒரே ஒரு ஆளு இருந்தான். அவன தொரத்திட்ட. இப்ப எனக்கு புத்தி சொல்ல வந்துட்ட.”

நோய் அண்டாத கல்லு மடியைக் கறந்து காப்பாற்ற அந்தத் தெருவில் இருந்த ஒரே கையை மரகதமே வெட்டிப் போட்டிருக்கிறாள். பால் பூத்தில் அவன் நின்ற நிற்பு கண்ணுக்கு முன்னால் வந்தது. அவன் காலில் விழுந்தாவது கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்று தோன்றியது.

“அவன் நம்பர் உங்கிட்ட கீதா?”

சரோஜா போனை நீட்டினாள். “பருவம் சாயங்காலம் வரைக்கும் இருக்கும், அவசரப்படாதீங்க” என்று டாக்டரம்மா பலராமனிடம் சொல்வது கேட்டது. மரகதம் போனைக் காதில் வைத்துக்கொண்டாள். மூன்றாவது மணியில் எடுத்தான்.

“சொல்லுங்க சரோஜாக்கா.”

“நான் மரகதம்பா.”

“சொல்லுங்கக்கா, நல்லாருக்கியளா? செம்பி ஈனிட்டா?” என்றான்.

“ஈனிருச்சுப்பா. கிடேரிக் கண்ணு.”

“ரொம்ப சந்தோசம்க்கா. மடி நல்லாருக்குல்லா? நாந்தான் பக்கத்துலயே வரலயே, அதுக்கு ஒண்ணும் ஆயிருக்காது.”

அவன் குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே கேட்டான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. “தம்பி, நீ திரும்பி வந்துருப்பா” என்றாள். “ரூமு அப்படியேதான் கீது. தெருவே கூப்புடுது. பழையபடி மாடு கறக்க வா.”

“ஐயோ, வேண்டாம்க்கா!” அவன் பதறின பதற்றம் போனிலேயே தெரிந்தது. “நான் இப்பம் மாட்டையே தொடுறதில்ல. போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். எங்கம்மா ரெண்டு மாடு வச்சிருக்கா. எனக்கு முழங்கால் வலிக்கி, கறந்து குடுலேன்னா. மாட்டேன்னுட்டேன். என்னத்துக்குன்னு கேட்டா, சொல்ல முடியுமா? கண்ணுக்குட்டி வந்து கைய நக்க வந்துச்சு, எந்திரிச்சு வெளிய போயிட்டேன். வாயில்லா சீவன்லா, கெடுத்துரக் கூடாதுல்லாக்கா?”

“உன் கையில ஒண்ணும் இல்லடா!” மரகதம் கத்தியே விட்டாள். “டாக்டரம்மா வந்து எல்லா மாட்டையும் பாத்துட்டாங்க. எல்லாம் அந்தக் காளையோட ரத்தம். நான் கேட்டு வாங்கின காளைடா. நான்தான் தப்பு. நான்தான் பாவி. உன் மேல ஒண்ணுமே இல்ல.”

“எனக்கு ஆறுதலுக்குச் சொல்லுதிய.” அவன் குரல் சாந்தமாகவே இருந்தது. “நீங்க அன்னைக்குச் சொன்னப்ப கோவம் வந்துச்சு, இல்லங்கல. ரூமுக்குப் போயி ஒவ்வொரு மாடா நெனச்சுப் பாத்தேன். நான் தொட்டது எல்லாத்துக்கும்தான வந்துச்சு?”

“புருசோத்தமன் மாட்டுக்கு வர்லியே!”

“அது கல்லு மடிக்கா. அதுக்கு என்ன வரப் போவுது?” என்றான். “கம்பெனிக்குக் கெளம்பணும்க்கா, வச்சிருதேன். செம்பியப் பத்திரமா பாத்துக்கிடுங்க. வேத்தாள் கைய மடியில விட்டுராதிய.”

போன் நின்றுவிட்டது. மரகதம் அதைக் காதிலிருந்து எடுக்காமலேயே நின்றாள்.

“இன்னாடி சொல்றான்? வர்றானா?” என்று சரோஜா கேட்டாள்.

“நம்பிட்டான்டி.”

“யாரு? எத?”

“அன்னிக்கு நான் பூத்துல சொன்னேனே, அத. அவன் நம்பிட்டான். அம்மா வூட்டு மாட்டக்கூட தொட மாட்டேன்றான்டி.”

பலராமன் கையில் மாட்டிய உறையோடு, எந்த நம்பரைப் போடுவது என்று கேட்கிற மாதிரி அவர்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். மரகதம் தொட்டியோரத்து ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.